அந்த 1.31 புள்ளி

2010 வான்கூவர் ஒலிம்பிக்கில் எவ்கெனி ப்ளஷென்கோ தங்கத்தைத் தவறவிட்டது 1.31 புள்ளியில். 2018 பியோங்சாங்கில் எவ்கெனியா மெத்வதேவா தவறவிட்டதும் அதே 1.31 புள்ளியில்தான். ஃபிகர் ஸ்கேட்டிங் பார்ப்பவர்கள் இந்த இரண்டைப் பற்றியும் இன்றைக்கும் சண்டை போடுகிறார்கள். "அநியாயம்", "நடுவர்கள் விற்றுப்போனார்கள்" என்று ஆரம்பிக்கும் முன் அன்றைய மதிப்பெண் தாளை ஒருமுறை முழுதாகப் படியுங்கள் என்பதுதான் என் கோரிக்கை. மனதில் நிற்கிற வெள்ளிகளில் பலவற்றுக்குக் காரணம் ஐஸ் மேல் நடந்த பிழை இல்லை. அன்றைக்கு இருந்த விதியும், அந்த விதிக்குள் யார் எந்த ஜம்ப்பை எங்கே வைத்தார் என்பதும்தான்.

முதலில் ப்ளஷென்கோ. போட்டி இரண்டு சுற்று: சின்னதான ஷார்ட் புரோகிராம், நீளமான ஃப்ரீ ஸ்கேட். இரண்டின் மதிப்பெண்ணையும் கூட்டுவார்கள். ஷார்ட் புரோகிராமில் 90.85 எடுத்து முன்னிலை. கடைசியில் தங்கம் வாங்கிய இவான் லைசாசெக் 90.30. ஃப்ரீ ஸ்கேட்டில் ப்ளஷென்கோ குவாட் (காற்றில் நான்கு சுற்று) டோ லூப் ஜம்ப்போடு ட்ரிபிள் (மூன்று சுற்று) டோ லூப்பைச் சேர்த்து இறக்கினார். லைசாசெக் குவாட் பக்கமே போகவில்லை. ஆனாலும் லைசாசெக்குக்கு 167.37, ப்ளஷென்கோவுக்கு 165.51. கலைத்தரத்துக்கான காம்பொனன்ட் மதிப்பெண் இருவருக்கும் அச்சு அசலாக 82.80. ஆக, கலை மதிப்பெண்ணில் ஏமாற்றினார்கள் என்ற வாதம் இங்கே நிற்காது. முழு வித்தியாசமும் தொழில்நுட்பப் பக்கத்தில்: 84.57க்கு 82.71.

அது எப்படி நடந்தது? அப்போதைய விதிப்படி ஃப்ரீ ஸ்கேட்டின் பின்பாதியில் போடும் ஒவ்வொரு ஜம்ப்புக்கும் அதன் அடிப்படை மதிப்பில் (அந்த ஜம்ப்புக்கென்று முன்பே குறித்த புள்ளியில்) 10 சதவீதம் கூடுதல். லைசாசெக் ஜம்ப்களில் பெரும்பகுதியைப் பின்பாதிக்குத் தள்ளிவைத்தார். ப்ளஷென்கோ கால் தெம்பாக இருக்கும்போதே பெரியவற்றை முடித்துவிட்டார். அந்த வருடம் ட்ரிபிள் ஆக்சல் என்ற ஜம்ப்பின் அடிப்படை மதிப்பு 8.2. ஒன்றைப் பின்பாதியில் போட்டால் 0.82 கூடும், இரண்டைப் போட்டால் 1.64. தோற்றதோ 1.31இல். போதாக்குறைக்கு அன்று அவருடைய சில ஜம்ப்கள் காற்றில் சாய்ந்தே போயின. அச்சு சாய்ந்தால் இறங்கும்போது உடம்பைச் சமாளிக்க வேண்டும், ஓட்டத்தின் வேகம் செத்துவிடும். விழாமல் நின்றாலும் செய்நேர்த்திக்கான புள்ளி அங்கே கசிந்துவிடும். குவாட் இல்லாத ஒருவர் ஒலிம்பிக் தங்கம் வாங்கியது எனக்கும் பிடிக்கவில்லைதான். ஆனால் அது விதியின் மேல் வைக்க வேண்டிய புகார். அடுத்த சீசனிலேயே குவாட்களின் அடிப்படை மதிப்பை உயர்த்தினார்கள்.

மெத்வதேவா கணக்கு இன்னும் விசித்திரம். ஃப்ரீ ஸ்கேட்டில் அவருக்கும் தங்கம் வென்ற அலினா ஜாகிடோவாவுக்கும் ஒரே மதிப்பெண், 156.65. மெத்வதேவா கலையில் 77.47, தொழில்நுட்பத்தில் 79.18. ஜாகிடோவா 75.03, 81.62. கூட்டிப் பாருங்கள், இரண்டும் ஒரே இடத்தில் வந்து நிற்கும். அப்படியானால் தங்கம் கைமாறியது ஷார்ட் புரோகிராமில். மெத்வதேவா 81.61 எடுத்து உலக சாதனை படைத்தார். சில நிமிடங்களில் ஜாகிடோவா 82.92 எடுத்து அதை முறியடித்தார். போட்டி அங்கேயே முடிந்துவிட்டது, இரண்டு நாள் கழித்துத்தான் எல்லோருக்கும் தெரிந்தது.

ஜாகிடோவாவின் ஃப்ரீ ஸ்கேட்டில் ஏழு ஜம்ப் இடங்களும் பின்பாதியில். முதல் பாதி முழுக்க ஸ்பின்னும் கால்வேலையும் மட்டும். அங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ட்ரிபிள் லட்ஸ் என்ற ஜம்ப் இறங்கியதும் ட்ரிபிள் லூப்பைச் சேர்க்க வேண்டிய இடத்தில் அவரால் சேர்க்க முடியவில்லை. லூப் என்பது, முந்தைய ஜம்ப் இறங்கிய அதே காலில், பிளேடின் அதே விளிம்பிலிருந்து கிளம்ப வேண்டிய ஜம்ப். லட்ஸ் இறங்கும்போது எடை கொஞ்சம் பின்னால் போனாலும் அவ்வளவுதான். அவர் பதறவில்லை. பின்னால் தனியாக வரவேண்டிய இன்னொரு லட்ஸோடு அந்த லூப்பை ஒட்டிவிட்டார். பதினைந்து வயதில் இந்த மனக்கணக்கு சாதாரணம் இல்லை. நடனமாகப் பார்த்தால் மெத்வதேவாவுடையதுதான் முழுமையான ஆட்டம், அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. கால் எலும்பில் விரிசலோடு சீசனின் பாதியை இழந்து வந்தவர் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த ஒலிம்பிக் முடிந்ததும் பின்பாதிச் சலுகையை ஃப்ரீ ஸ்கேட்டில் கடைசி மூன்று ஜம்ப்களுக்கும் ஷார்ட்டில் கடைசி ஒன்றுக்கும் மட்டும் என்று சுருக்கிவிட்டார்கள்.

விதி மெடலைத் தீர்மானித்தது இன்று நேற்றல்ல. 1984 சராயேவோவில் பிரையன் ஆர்சர் ஷார்ட்டிலும் முதல், ஃப்ரீயிலும் முதல். தங்கம் இரண்டிலும் இரண்டாவதாக வந்த ஸ்காட் ஹாமில்டனுக்கு. ஐஸில் வட்டம் வட்டமாகக் கோடு போடும் கட்டாய ஃபிகர்ஸ் சுற்றில் ஆர்சர் ஏழாவது, அதற்கு 30 சதவீத எடை. பாவம், 1988 கால்கரியிலும் அவருக்கு வெள்ளிதான், 5-4 நடுவர்கள் கணக்கில். 1998 நகானோவில் மிஷெல் குவான் ஷார்ட்டில் முதலிடம், ஃப்ரீயில் தடுமாற்றமே இல்லாமல் ஏழு ட்ரிபிள், கலைக்கு ஒன்பது நடுவர்களும் 6க்கு 5.9. டாரா லிபின்ஸ்கி ட்ரிபிள் லூப்-ட்ரிபிள் லூப் போட்டார், ஃப்ரீ அவர் பக்கம் போனது. அன்றைய கணக்கில் ஷார்ட்டில் பிடித்த இடத்தின் எண்ணில் பாதியையும் ஃப்ரீயில் பிடித்த இடத்தின் எண்ணை முழுதாகவும் கூட்டுவார்கள். குவானுக்கு 2.5, லிபின்ஸ்கிக்கு 2.0. குறைவாக இருப்பவருக்குத் தங்கம். குவான் அன்று கொஞ்சம் அடக்கி ஆடினார் என்று சொல்பவர்களோடு நான் ஒத்துப்போகிறேன், ஆனால் அந்த மென்மையை இன்றும் திரும்பத் திரும்பப் பார்க்க முடிகிறது.

எல்லாத் தாளையும் நான் நியாயப்படுத்தவில்லை. 2014 சோச்சியில் கிம் யூ-னா 219.11, அடெலினா சோட்னிகோவா 224.59. சோட்னிகோவாவிடம் ஏழு ட்ரிபிள், கிம்மிடம் ஆறு. கால்வேலைத் தொடரின் கடினத்துக்கு சோட்னிகோவாவுக்கு நான்காம் நிலை (அதுதான் உச்சம்), கிம்முக்கு மூன்றாம் நிலை. திட்டத்தின் அடிப்படை மதிப்பிலேயே சோட்னிகோவா கிட்டத்தட்ட நான்கு புள்ளி முன்னால் இருந்தார், அது அவர் உழைப்பு. ஆனால் ஃப்ரீ ஸ்கேட் காம்பொனன்ட் வரியைப் பாருங்கள்: கிம் 74.50, சோட்னிகோவா 74.41. வெறும் 0.09 வித்தியாசம். கிம்மின் விளிம்பு ஆழம், ஒரு தள்ளலில் அவர் கடக்கும் தூரம், இசையின் இடைவெளியில் மூச்சு விடுவதுபோல் வேகம் குறைந்து கூடும் விதம், இவற்றுக்கும் சோட்னிகோவாவின் சறுக்கலுக்கும் இருந்த தூரம் 0.09 தானா? புகார் சொல்வதானால் இந்த ஒரு வரியில் விரலை வைத்துச் சொல்லுங்கள். அதுதான் பலமான வாதம்.

இன்னொரு வகை வெள்ளி உண்டு, அது துணிச்சலால் வருவது. 2022 பெய்ஜிங்கில் அலெக்ஸாண்ட்ரா ட்ரூசோவா ஷார்ட்டில் ட்ரிபிள் ஆக்சலில் விழுந்து 74.60 எடுத்தார், நான்காம் இடம். ஃப்ரீயில் ஐந்து குவாட் இறக்கி 177.13, அன்றைய மிக உயர்ந்த மதிப்பெண். அன்னா ஷெர்பகோவாவை எட்ட இன்னும் 4.22 தேவைப்பட்டது. அந்தத் தூரம் முழுவதும் ஷார்ட்டில் விழுந்தது.

என்னைக் கேட்டால் இந்த வகையில் தலையானது 1992 ஆல்பர்ட்வில்லில் ஜப்பானின் மிடோரி இதோ வாங்கிய வெள்ளி. மற்ற ஐந்து ஜம்ப்களும் பின்னோக்கிச் சறுக்கியபடி எழும்புபவை. ஆக்சல் மட்டும் முன்னோக்கி, வெளி விளிம்பிலிருந்து கிளம்பும். அதனால் அரைச் சுற்று கூடுதல், ட்ரிபிள் என்றால் மூன்றரைச் சுற்று. தொடை களைத்தால் உயரம் குறையும், உயரம் குறைந்தால் அந்தக் கடைசி அரைச் சுற்றுக்கு நேரம் இருக்காது. பெரும்பாலோர் அதை ஆட்டத்தின் ஆரம்பத்திலேயே வைப்பது அதனால்தான். முதல் சுற்றில் பாதுகாப்புக்காக ஆக்சலை விட்டுவிட்டு லட்ஸ் போட்டு, அதிலும் விழுந்து நான்காவதாக இருந்தார் இதோ. ஃப்ரீயில் ஆரம்பத்தில் போட்ட ட்ரிபிள் ஆக்சலில் விழுந்தார். நான்கு நிமிட ஆட்டம், கால் கனத்துப்போகும் கடைசிக் கட்டம். அங்கே மறுபடி முன்னோக்கித் திரும்பி, இடது காலில் ஏறி, அதே ஜம்ப்புக்குப் போனார். சுத்தமாக இறங்கினார். ஒலிம்பிக்கில் ஒரு பெண் இறக்கிய முதல் ட்ரிபிள் ஆக்சல் அது.