ஏற்காடு ஏற ஆயிலை டபுள் ஆக்காதீங்க

பெட்ரோலோட ஆயிலும் சேர்ந்து எரியுற டூ-ஸ்ட்ரோக் வண்டிக்கு, "மலை ஏறும்போது லிட்டருக்கு ரெண்டு மடங்கு ஆயில் ஊத்துங்க, இன்ஜின் இறுகி சீஸ் ஆகாது"ன்னு ஒரு அண்ணன் எழுதியிருக்கார். அது சரியில்லைங்க. கூடுதல் ஆயில் முழுசா எரியாது. புகை வெளியேறுற எக்ஸாஸ்ட் போர்ட்டிலயும் சைலன்சரிலயும் கரியாப் படியும், பிஸ்டன் ரிங் ஒட்டிக்கும். சேலத்துல இருந்து மேல போகப்போக காத்தோட அடர்த்தி குறையறதால கலவை தானாவே ரிச் ஆகும், அதாவது காத்துக்கு பெட்ரோல் அதிகமாயிடும். அதோட ஆயிலும் கூடினா பிளக் ஈரமாக் கறுத்து, கொண்டை ஊசி வளைவுல வண்டி நிக்கும்.

மேனுவல்ல இருக்கிற ஆயில்-பெட்ரோல் விகிதம்தான் கணக்கு. 1:50னா லிட்டருக்கு 20 மில்லி, 1:40னா 25, 1:25னா 40. பாட்டில் மூடியால குத்துமதிப்பா ஊத்தாம, மருந்துக்கடை சிரிஞ்சுல அளங்க. டேங்க்ல ஏற்கெனவே கலந்த பெட்ரோல் இருந்தா, புதுசா போடுறதுக்கு மட்டும் ஆயில் சேர்த்தாப் போதும். கேன்ல பாதி பெட்ரோலோட ஆயிலைக் குலுக்கி, மீதியை ஊத்தி மறுபடி குலுக்குங்க. காலி டேங்க்ல ஆயிலை நேரா விட்டா, அது அடியில இறங்கி, டேங்க் அடியில பெட்ரோலைத் திறந்து மூடுற காக் வால்வை அடைக்கும். டூ-ஸ்ட்ரோக்குக்குன்னே வர்ற 2டி (2T) ஆயில் மட்டும்தான். ஃபோர்-ஸ்ட்ரோக் வண்டிக்கு ஊத்துற 20டபிள்யூ40 ஆயில் வேண்டவே வேண்டாம், அதுல சாம்பல் படிவு அதிகம்.

உண்மையில பயப்பட வேண்டியது இறக்கத்துக்குத்தான். கியர்ல போட்டு திராட்டிலை மூடியே இறங்கினா, இன்ஜின் வேகமாச் சுத்தும், ஆனா பெட்ரோலோட சேர்ந்து வர்ற ஆயில் கிட்டத்தட்ட நின்னுடும். அப்பப்போ திராட்டிலை லேசாத் திறந்து மூடுங்க. தனி ஆயில் பம்ப் உள்ள வண்டின்னா டேங்க்ல கலக்க வேண்டாம். ஆயில் அளவையும், பம்ப் கேபிள் சரியான மார்க்குல இருக்கான்னும் பார்த்துக்குங்க.