தபாலாபீசுக்குச் சொன்னால் மட்டும் போதாது

அமெரிக்காவில் வீடு மாறும்போது நம்மவர்கள் மறக்காமல் செய்பவை சில: இன்டர்நெட், கரண்ட், பிள்ளைகளின் பள்ளி, தபாலாபீசில் ஃபார்வர்டிங். குடிவரவுத் துறைக்குத் தெரிவிப்பது மட்டும் இந்த வரிசையில் சேர்வதே இல்லை.

குடியுரிமை இல்லாத ஏறக்குறைய எல்லோரும் வீடு மாறிய 10 நாளுக்குள் புது முகவரியைக் குடிவரவுத் துறையான யுஎஸ்சிஐஎஸ்ஸுக்குச் சொல்ல வேண்டும். எச்-1பி, எல்-1 வேலை விசா, எச்-1பிக்காரரின் குடும்பத்துக்கான எச்-4, கிரீன் கார்டு என எல்லோருக்கும் இது பொருந்தும். தூதரக, சர்வதேச அமைப்பு ஆட்களுக்கான ஏ, ஜி விசாக்காரர்களுக்கும், விசா இல்லாமலே வர அனுமதிக்கும் ‘விசா வெய்வரில்’ வரும் பயணிகளுக்கும்தான் விலக்கு. கிரீன் கார்டு வாங்கி 20 வருடம் ஆனவரும் சொல்லியே ஆக வேண்டும். கார்டில் இருக்கும் ‘நிரந்தர’ என்ற சொல் இங்கே உதவாது.

சொல்லாவிட்டால் 30 நாள் வரை சிறையோ, 5,000 டாலர் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. நாடு கடத்துவதற்கும் இது ஒரு காரணமாகலாம். வேண்டுமென்றே சொல்லாமல் இருக்கவில்லை, அல்லது தக்க காரணம் இருந்தது என்று நாம்தான் நிரூபிக்க வேண்டும். எனக்கு இந்தத் தண்டனைப் பிரிவு பிடிக்கவில்லை. ஊரே மறந்துபோகும் ஒரு விதி, யாரையாவது மடக்க நினைக்கும்போது மட்டும் கையில் எடுக்க வசதியாகக் கிடக்கிறது. 2002 ஜூலையில் இதைக் கண்டிப்பாக்கப் போவதாக அறிவிப்பு வந்தது. படிவங்கள் வந்து குவிந்ததில் துறையே திணறியது. 2025-இல் வெளிநாட்டவர் பதிவு விதியோடு சேர்த்து மறுபடி நினைவூட்டினார்கள்.

ஆனால் அன்றாடம் ஆட்களைக் கவிழ்ப்பது சிறை இல்லை, தபால்தான். யுஎஸ்சிஐஎஸ் அனுப்பும் கடிதங்களைத் தபாலாபீஸ் புது வீட்டுக்கு ஃபார்வர்ட் செய்யாது. திருப்பி அனுப்பிவிடும். கைரேகை அப்பாயின்ட்மென்ட் கடிதம் வராமல், நீங்களும் போகாமல் இருந்தால், விண்ணப்பத்தைக் கைவிட்டதாக எடுத்துக்கொள்ளலாம். கூடுதல் ஆவணம் கேட்டு வரும் கடிதத்துக்கும் கெடு உண்டு. நாள் தவறினால் வருடக்கணக்கில் காத்திருந்த கேஸ் நிராகரிக்கப்படலாம்.

படிவத்தின் பெயர் ஏஆர்-11. கட்டணம் கிடையாது, காசு கேட்கும் தளம் எதுவானாலும் அரசுத் தளம் இல்லை. யுஎஸ்சிஐஎஸ் ஆன்லைன் கணக்கில் போய் முகவரி மாற்றுவதுதான் நல்லது. நிலுவையில் கேஸ் இருந்தால் அதன் ரசீது எண்ணை (3 எழுத்து, 10 இலக்கம்) அங்கேயே சேருங்கள். தாளில் நிரப்பித் தபாலில் போட்டால் சட்டக் கடமை தீரும், நிலுவையிலுள்ள கேஸில் முகவரி மாறாது. பலர் ஏமாறுவது இங்கேதான். குடியிருக்கும் முகவரிக்கு பி.ஓ. பாக்ஸ் செல்லாது, தபால் முகவரிக்கு மட்டும் கொடுக்கலாம். அபார்ட்மென்ட் எண்ணை அதற்குரிய கட்டத்தில் போடுங்கள். முடிந்ததும் வரும் உறுதிப் பக்கத்தை பிடிஎஃப் ஆக எடுத்து வையுங்கள். பின்னால் கேள்வி வந்தால் அதுதான் சாட்சி.

நம்மவர்களுக்கே உரிய சிக்கல் ஒன்று: அப்பா பெயர் கடைசிப் பெயராகிவிடுவதால் ஒரே வீட்டில் கணவனுக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று, பிள்ளைக்கு ஒன்று என்று பெயர்கள் இருக்கும். தபால் பெட்டியில் ஒருவர் பெயர் மட்டும் ஒட்டியிருந்தால் மற்றவர் கார்டு திரும்பிப் போக வாய்ப்புண்டு. எல்லாப் பெயரையும் ஒட்டுங்கள். படிவமும் தலைக்கு ஒன்றுதான். எச்-4 மனைவிக்குத் தனி, 14 வயதுக்குக் கீழான பிள்ளைக்குப் பெற்றோர் போட வேண்டும்.

எஃப்-1 விசா மாணவர்கள் 10 நாளுக்குள் கல்லூரியில் விசா விவகாரம் பார்க்கும் அதிகாரியான டிஎஸ்ஓவிடம் சொன்னால், அவர் அரசின் மாணவர் பதிவேடான செவிஸில் (SEVIS) ஏற்றிவிடுவார். படிப்பு சார்ந்த தற்காலிக வேலை அனுமதியான ஓபிடியில் இருப்பவர்கள் SEVP போர்ட்டல் என்ற இணையதளத்தில் தாங்களே மாற்றலாம். அக்டோபரில் எச்-1பிக்கு மாறிய பிறகும் பழைய பழக்கத்தில் டிஎஸ்ஓவுக்கே மெயில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது இனி கணக்கில் வராது. ஆபீஸ் எச்ஆரிடம் சொன்னதும் அப்படித்தான். வேலை செய்யும் இடம் மாறினால் கம்பெனி செய்ய வேண்டியது வேறு, வீடு மாறினால் நீங்கள் செய்ய வேண்டியது வேறு.

குடிவரவு நீதிமன்றத்தில் வழக்கு இருப்பவர்கள் நிலைதான் ஆபத்தானது. அங்கே கெடு 5 வேலை நாள், படிவம் இஓஐஆர்-33, நகல் அரசுத் தரப்பு வழக்கறிஞர் அலுவலகத்துக்கும் போக வேண்டும். ஏஆர்-11 போட்டது நீதிமன்றத்துக்குத் தெரியாது. விசாரணைக்கு வராவிட்டால் ஆள் இல்லாமலே நாடுகடத்தும் உத்தரவு வரும். முகவரி தராதவருக்கு நோட்டீஸ் அனுப்பவே தேவையில்லை என்கிறது சட்டம். ஒரே அரசின் இரண்டு துறைகள் ஒரு முகவரியைப் பகிர்ந்துகொள்ள முடியாதா என்ற கேள்வி நியாயம்தான், ஆனால் அதைக் கேட்டுக்கொண்டே படிவத்தையும் போட்டுவிடுங்கள்.

குடியுரிமை வாங்கியவர்களும் முழுதாகத் தப்பவில்லை. பெற்றோரின் கிரீன் கார்டுக்காக, அவர்களைப் பொருளாதார ரீதியில் தாங்குவேன் என்ற ஐ-864 உறுதிமொழியில் கையெழுத்திட்ட மகனோ மகளோ வீடு மாறினால் 30 நாளுக்குள் ஐ-865 என்ற முகவரி மாற்றப் படிவம் போட வேண்டும். தவறினால் அபராதம் 250 டாலரிலிருந்து தொடங்கும். பெற்றோர் குடியுரிமை பெறுவது போன்ற ஏதாவது ஒன்றால் அந்தப் பொறுப்பு முடியும்வரை இது உண்டு. எல்லோரும் ஒரே லாரியில் ஒரே வீட்டுக்குப் போனாலும் அப்பாவுக்கு ஒரு ஏஆர்-11, அம்மாவுக்கு ஒரு ஏஆர்-11, மகனுக்கு ஒரு ஐ-865.