லோரிக்காரரை வெட்டச் சொன்னவருக்கு

கடந்த சனிக்கிழமை கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில், இளம் இயக்குநர் ஒருவரின் படத் திரையிடலுக்குப் பின் நடந்த கலந்துரையாடலைப் பற்றி எதுவும் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால், அதன் துணுக்குக் காணொளி புலனக் (வாட்ஸ்அப்) குழுக்களில் மூன்று நாள்களாகச் சுற்றி, நேற்றிரவு என் தங்கையின் மருமகன் கையிலிருந்து, சிரித்து அழும் முகங்கள் நான்கோடு எனக்கே வந்து சேர்ந்தபிறகு, சும்மா இருக்க மனம் ஒப்பவில்லை.

நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். மேடையிலிருந்த விமர்சக நண்பர், "லோரிக்காரர் வரும் காட்சிகளை வெட்டிவிட்டால் படம் பறக்கும்" என்றார். அரங்கு சிரித்தது. நான் எழுந்து, அந்தக் காட்சிகளைப் பற்றி ஒரு கேள்வி கேட்டேன். "டீச்சருக்கு இந்த மாதிரிப் படமெல்லாம் ஒத்துவராது, அவருக்கு ஒரு குடும்பப் படம் போட வேண்டும்" என்றார். அரங்கு இன்னும் பலமாகச் சிரித்தது. என் கேள்விக்கு மட்டும் பதில் வரவில்லை.

அங்கே சொல்லவிடாததை இங்கே சொல்கிறேன். அது லோரிக்காரரின் படம். ஒரே ஆளைக் கொல்வதற்கு இரு தரப்பிடம் பணம் வாங்கிய கூலிக்கொலையாளிகள் இருவர், யார் முந்துவது என்ற போட்டியில், செந்தூல் அடுக்குமாடி ஒன்றின் கீழ்த்தளத்தில் சுட்டுக்கொள்கிறார்கள். ரொட்டி வாங்கிக்கொண்டு படியேறிய சிறுமி குறுக்கே அகப்பட்டுச் சாகிறாள். அவளுடைய அப்பாதான் லோரிக்காரர். அவரை எடுத்துவிட்டால் மிஞ்சுவது, கறுப்புக் கண்ணாடி அணிந்த இருவர் ஒருவரையொருவர் முறைத்துக்கொள்ளும் கண்ணாடிக்கடை விளம்பரம்.

அரங்கு எந்த இடத்தில் சிரித்தது என்பதையும் பதிவு செய்ய வேண்டும். நாளிதழில் சுற்றிய பாராங் கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு லோரிக்காரர் இரவில் புறப்படுகிறார். மோட்டார் சைக்கிள் உதைத்து உதைத்தும் கிளம்பவில்லை. திரும்ப மாடியேறி, தண்ணீர் குடித்துவிட்டு, மறுபடி இறங்கி வந்து சாக்கடை ஓரத்தில் வாந்தி எடுக்கிறார். அந்த இடத்தில்தான் பின் வரிசை விழுந்து விழுந்து சிரித்தது. "பழிவாங்கப் புறப்படுபவனுக்கு ஒரு துப்பாக்கிகூடவா கிடைக்காது? பலவீனமான எழுத்து" என்று நண்பர் தீர்ப்பளித்தார்.

கிடைக்காது, ஐயா. இந்த நாட்டில் உரிமமில்லாமல் துப்பாக்கி வைத்திருப்பதே 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி குற்றம்; துப்பாக்கியைக் கொண்டு குற்றம் புரிபவருக்கென்றே 1971ஆம் ஆண்டில் இன்னும் கடுமையான சட்டம் ஒன்றும் வந்தது. கூலிக்கொலையாளிக்கு அது கிடைக்கிறதென்றால் அவனுக்குப் பின்னால் பணமும் கும்பலும் இருக்கின்றன என்று பொருள். கிள்ளானிலிருந்து காஜாங்கிற்குச் சிமெண்டு ஏற்றிச் செல்பவருக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள்? வீட்டில் தேங்காய் வெட்டும் பாராங்தான் இருக்கிறது. படத்தை எடுத்த பையன் இதைச் சரியாக எழுதியிருக்கிறான். சரியாக எழுதியதற்கே அடியும் வாங்குகிறான்.

நண்பர் தம் வாதத்திற்குத் துணையாக ஒரு ஜப்பானியப் படத்தை இழுத்தார். செய்ஜுன் சுஸுகி 1967இல் எடுத்த 'பிராண்டட் டு கில்'. கொலையாளிகளுக்கு வரிசை எண் போட்டு, மூன்றாம் எண் கொலையாளி முதலாம் எண்ணை எட்டத் துடிக்கும் கதை. "கூலிக்கொலையாளி என்றால் அப்படிக் கம்பீரமாக இருக்க வேண்டும்" என்றார். கம்பீரமா? அந்த மூன்றாம் எண் கொலையாளி சோறு வேகும் வாசனைக்குக் கிறங்கிப்போகிறவன். மோகம் தலைக்கேற வேண்டுமானால் அவனுக்குச் சோற்றுப்பானை வேண்டும். முதலிடத்திற்காக உயிரை விடும் ஆண்களைப் பார்த்து இயக்குநர் கைகொட்டிச் சிரித்த படம் அது. அந்தச் சிரிப்பு, அவர் வேலை பார்த்த நிக்காட்சு படநிறுவனத்திற்குப் புரியவில்லை. மறு ஆண்டே அவரை வேலையிலிருந்து நீக்கியது, அவர் அடுத்த படம் எடுக்கப் பத்தாண்டுகள் ஆயின. நிறுவனத்திற்குப் புரியாததாவது ஐம்பது ஆண்டுகளுக்கு முந்தைய கதை. மேற்கோள் காட்டுகிறவருக்கும் புரியவில்லை என்றால் நான் என்ன செய்வது? அதை நான் பார்த்திருக்கக்கூடும் என்ற ஐயம்கூட அவருக்கு எழவில்லை. சேலை கட்டி, வெள்ளை முடியோடு, கையில் பிரம்புக் கூடையுடன் வந்தவள் எதைப் பார்த்திருக்கப் போகிறாள்!

அவர் பெரிதும் மதிக்கும் கான் விழாவிலேயே 2013இல் அனைத்துலக விமர்சகர் கூட்டமைப்பின் விருதைப் பெற்ற அமெரிக்கப் படம் 'ப்ளூ ருயின்'. பெற்றோரைக் கொன்றவனைத் தேடிச் செல்லும் சாதாரண மனிதன் ஒரு துப்பாக்கியைத் திருடுகிறான். அதன் விசையில் பூட்டு இருக்கிறது. பூட்டை உடைக்கப்போய்த் துப்பாக்கியையே பாழாக்கிவிட்டுக் கடைசியில் கத்தியோடு போகிறான். அங்கே அது நுட்பம், இங்கே அது பலவீனமான எழுத்து.

என் பெரியப்பாவைப் பற்றி நான் பொதுவில் எழுதியதில்லை. செந்தூல் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய இளைய மகன், எனக்கு அண்ணன் முறை, ஓர் இரவு சாலையோர ஒட்டுக்கடை வாசலில் ஆள் மாறாட்டத்தில் வெட்டுப்பட்டு இறந்தார். வெட்டியவர்கள் யார் என்று இன்றுவரை தெரியாது. பெரியப்பா திங்கள்தோறும் வெளுத்த சட்டை அணிந்து, அண்ணனின் புகைப்படத்தை நெகிழிக் கோப்பில் வைத்துக்கொண்டு காவல் நிலையத்திற்குப் போவார். பிற்பகலில் திரும்பி வந்து, ஒன்றும் பேசாமல் சட்டையை மடித்து வைப்பார். மளிகைக் கடையில் கடன் எழுதும் 555 புத்தகம் ஒன்றை வாங்கி, அந்த ஒட்டுக்கடைக்கு வந்துபோகும் மோட்டார் சைக்கிள்களின் எண்களை அதில் எழுதிவைத்தார். மூன்று புத்தகங்கள் நிறைந்தன. நிலைப்பேழைக்கு அடியில் ஒரு பாராங் இருந்ததும், அதை அவர் இரவில் தீட்டுவதும் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். யாரும் கேட்டதில்லை.

பல மாதங்கள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டிற்கு வந்து, அந்தப் பாராங்கை அம்மாவின் கையில் கொடுத்து, "டுரியான் வெட்ட வெச்சுக்கம்மா, நல்ல பதம்" என்றார். அம்மா வாங்கிக்கொண்டு தேநீர் கலக்கப் போனார். அவர் அன்று எதைக் கைவிட்டார், ஏன் கைவிட்டார் என்று எனக்கு இன்றும் தெரியாது. சனிக்கிழமை அந்த லோரிக்காரர் சாக்கடையோரம் குனிந்தபோது, எனக்குப் பெரியப்பாவின் முதுகு தெரிந்தது. சுற்றிலும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

இனி வரப்போகும் பதில்கள் எனக்குத் தெரியும். "டீச்சர் வன்முறையே வேண்டாம் என்கிறார்" என்பீர்கள். இல்லை. கீழ்த்தளத்துத் துப்பாக்கிச் சண்டை அருமையான காட்சி. தூண்களுக்கு நடுவே கேமரா நகரும் விதத்தை நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் பார்த்தேன். "வேகம் வேண்டாமா?" என்பீர்கள். வேண்டும், இருக்கிறது, அடுத்து. "நம்மவர்களைக் குண்டர்களாகவே காட்டுகிறார்கள் என்று புலம்புவதும் நீங்கள்தானே" என்பீர்கள். அதில் நியாயம் உண்டு. அப்படி நானும் பேசியிருக்கிறேன். ஆனால் தோட்டத்தைவிட்டு வெளியேறிய குடும்பத்தையும் குண்டர் கும்பலையும் சேர்த்தே காட்டிய 'ஜகாட்', 2016இல் மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படமாகத் தேர்வானபோது நான் கைதட்டியதும் உண்மை. குண்டரைக் காட்டலாம். குண்டரால் அடிபட்டவரையும் காட்டு என்கிறேன்; அவ்வளவுதான் கேட்கிறேன்.

"இயக்குநர் உங்கள் மாணவர், அதனால்தான்" என்று ஒருவர் ஏற்கெனவே எழுதிவிட்டார். ஆம், நான்காம் ஆண்டில் ஓர் ஆண்டு என் வகுப்பில் இருந்தான். அதனால் என் கண்ணும் காதும் கெட்டுவிட்டனவா? முப்பத்திரண்டு ஆண்டுகள் கற்பித்திருக்கிறேன். இந்த ஊரில் என் மாணவர் அல்லாத ஒருவர் படமெடுக்கும்வரை நான் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டுமா? உங்கள் கட்டுரைகளில் நீங்கள் பாராட்டும் ஆள்களில் எத்தனை பேர் உங்களோடு தே தாரிக் குடிப்பவர்கள் என்று நான் எண்ணத் தொடங்கட்டுமா? வேண்டாம், விடுங்கள்.

நம்முடைய பழங்கதை ஒன்றைச் சொல்லி நிறுத்திவிடலாம் என்றுதான் அன்று எழுந்தேன். சிலப்பதிகாரத்தில் கோவலனை வெட்டியவன் யார்? 'கல்லாக் களிமகன் ஒருவன்'. குடித்திருந்த, கல்வியறிவில்லாத ஒருவன். அவனுக்குப் பெயரில்லை. ஓரிரு அடிகளில் அவன் வந்து, வாளை வீசி, போய்விடுகிறான். அதன்பின் துன்ப மாலை, ஊர்சூழ் வரி, வழக்குரை காதை, வஞ்சின மாலை என்று நீள்வதெல்லாம் மனைவி நடந்த நடை. இளங்கோவடிகள் நம் நண்பரிடம் கையெழுத்துப் பிரதியைக் காட்டியிருந்தால், கண்ணகியை வெட்டிவிட்டு அந்தக் களிமகனுக்கு ஓர் அறிமுகக் காட்சி வைக்கச் சொல்லியிருப்பார். எதிராளியாக இன்னொரு களிமகனையும் கேட்டிருப்பார்.

நேற்று அந்தப் பையன் தொலைபேசியில் அழைத்தான். பினாங்குத் திரையிடலுக்குள் லோரிக்காரர் பகுதியைப் பாதியாகக் குறைத்துவிடலாமா என்று கேட்டான். அவன் குரல் எனக்குப் பிடிக்கவில்லை. உன் படம், உன் முடிவு என்று சொன்னேன்; வேறு என்ன சொல்வது? வைத்தபிறகு வெகுநேரம் கோபமாக இருந்தது, அவன் மீதுகூட.

நண்பரிடம் ஒரே ஒரு வேண்டுகோள். நான் கேட்ட கேள்வி முழுவதும் ஒரு நிமிடத்திற்குக் குறையாது. நீங்கள் பகிர்ந்த துணுக்கில் ஒன்பது வினாடிகள் இருக்கின்றன: நான் ஒலிவாங்கியைத் தடுமாறிப் பிடிப்பது, உங்கள் குடும்பப் படம், பிறகு சிரிப்பு. முழுப் பதிவும் உங்களிடம்தான் இருக்கிறது. அதை அப்படியே போடுங்கள்.