'ஸ்க்ரிப்ட் எங்க?'ன்னு கேட்ட அண்ணனுக்கு

பெரம்பூர் கூட்டத்துல நடந்தது இங்க பாதிப் பேருக்குத் தெரியும், திரும்ப விவரிக்கல. எங்க ஏரியாப் பையன் ஒருத்தன் தன் அனிமேஷன் படத்துக்கு, காட்சிகளை வரிசையா வரைஞ்ச ஸ்டோரிபோர்டைச் சுவர் நீளத்துக்கு ஒட்டியிருந்தான். அதை ஏறெடுத்தும் பார்க்காம, "படமெல்லாம் இருக்கட்டும், ஸ்க்ரிப்ட் எங்க? முதல்ல எழுதக் கத்துக்க தம்பி"ன்னு மைக்குல சொன்னீங்களே அண்ணே, அதுக்குத்தான் இந்தப் பதிவு.

அனிமேஷன்ல போர்டு போடுறதுதான் எழுதுறது. 1930களின் தொடக்கத்துல டிஸ்னி ஸ்டுடியோவுல கதையைப் படம் படமா வரைஞ்சு பலகையில குத்திப் பார்த்துதான் இந்த முறையே வளர்ந்துச்சு. ஜப்பான் அனிமேஷன் டைரக்டர் மியாசாகி முழு ஸ்க்ரிப்ட் இல்லாம போர்டுலதான் கதையைக் கட்டுறாரு. போர்டு முடியறதுக்குள்ளயே அனிமேஷன் வேலை ஓட ஆரம்பிச்சிடும். அவர்கிட்டயும் போய் 'எழுதக் கத்துக்க'ன்னு சொல்லிட்டு வாங்களேன்.

எனக்கு ஒருமுறை ஸ்க்ரிப்ட் கொடுத்தாங்க. "காசிமேட்டில் மீன் ஏலம் பரபரப்பாக நடக்கிறது. சிறுவன் இறால் திருடுகிறான்." அவ்ளோதான். பரபரப்பை எப்படிங்க வரையுறது? போர்டுக்கு உட்கார்ந்தப்பதான் தெரிஞ்சுது, அந்தக் கூட்டத்துல பையன் கண்ணுக்கே தெரிய மாட்டான். கேமராவை முட்டி உயரத்துக்கு இறக்கினேன். லுங்கி, கூடை, ரப்பர் செருப்பு, நடுவுல ஒரு சின்னக் கை. எதிர்ல ஒரு பூனை. அது இவனைப் பார்க்குது, இவன் அதைப் பார்க்கிறான், ஆளுக்கொரு இறால். படத்துல ஜனம் சிரிச்ச ஒரே இடம் அதான். ஸ்க்ரிப்ட்ல பூனையே கிடையாது. கதை, திரைக்கதைன்னு வேற ஒருத்தர் பேரு வந்துச்சு. என் பேரு கடைசியில, டீ கொடுத்தவருக்குக் கொஞ்சம் முன்னாடி. சரி, விடுங்க.

"ஸ்க்ரிப்ட் இல்லாம பட்ஜெட் எப்படிப் போடுவே?"ன்னு கேப்பீங்க. போர்டு இருந்தாத்தான் ஷாட் எத்தனை, பின்னணி எத்தனைன்னு எண்ண முடியும். செகண்டுக்கு 24 ஃப்ரேம் ஓடும், ஒரு படத்தை ரெண்டு ஃப்ரேமுக்கு நிறுத்தினாலே செகண்டுக்கு 12 படம் வரையணும். "ஆயிரம் பேர் ஓடி வருகிறார்கள்"ன்னு நீங்க ஒரு வரியில எழுதிட்டுப் போயிடுவீங்க, வரையுறவன் கை என்ன ஆகும்? போர்டு படங்களுக்குக் குரல் சேர்த்து, அனிமேட்டிக்ன்னு ஒரு வெள்ளோட்ட வீடியோவா ஓட்டிப் பார்த்தா, தேறாத சீனை அங்கயே கிழிச்சுப் போட்டுடலாம்.

"பெரிய ஸ்டுடியோல்லாம் எழுதிட்டுத்தானே பண்றாங்க?" எழுதுறாங்க. எழுதினதைப் போர்டுல போட்டு, கிழிச்சு, மறுபடி போட்டுத்தான் படமாக்குறாங்க. வசனம் நிறைய இருந்தா? எழுதிக்கோங்க, யாரு தடுத்தா.

மறுபடி சொல்றேன், போர்டுதான் எழுத்து. ஆனா உங்க பிரச்சினை ஸ்க்ரிப்டே இல்லண்ணே. அந்தப் பையன் தன் ஊரு வடசென்னை வியாசர்பாடின்னு சொன்னதும் உங்க முகம் போன போக்கை நான் பார்த்தேன். எங்க பேச்சு உங்களுக்கு ரவுடி சீனுக்கு வேணும், காமெடிக்கு வேணும். நாங்களே கதை சொல்ல வந்தா மட்டும் 'எழுதக் கத்துக்க'. அவன் போர்டுல முதல் படத்தையாவது நின்னு பார்த்தீங்களா?

நேத்து அவன் கேக்குறான், "எழுத்து கிளாஸ் எங்கண்ணா நடக்குது, ஃபீஸ் எவ்ளோ?" நான் என்ன அட்ரஸ் கொடுக்கட்டும்? நீங்களே சொல்லுங்க.