காய்ந்த அக்ரிலிக்கும் ஒட்டும்

"நல்லாக் காய்ஞ்ச அக்ரிலிக் ஒட்டாது, ஒட்டினால் மட்டமான பெயின்ட்" என்று சிலர் சொல்வது பிழை. ஆர்ட் ஜேர்னல் (படமும் எழுத்துமாக நிரப்பும் கொப்பி) தொடங்கும் பிள்ளைகள் இதை நம்பி நல்ல பெயின்டை வீசிவிடுவார்கள். காய்ந்த அக்ரிலிக் ஒரு பிளாஸ்டிக் படலம், சூட்டில் இளகும். திருகோணமலையில் கச்சான் என்ற வெப்பக்காற்று அடிக்கிற நாட்களில் மூடிய கொப்பிக்கு மேலே நாலு புத்தகம் இருந்தாலே போதும், எதிரெதிர்ப் பக்கங்கள் பிடித்துக்கொள்ளும். தடித்த பூச்சென்றால் இன்னும் மோசம்.

மெல்லியதாகப் பூசுங்கள். பக்கங்களுக்கிடையில் கேக் தட்டுக்குப் போடும் ஒயில் பேப்பரை வையுங்கள். பத்திரிகைத்தாள் வேண்டவே வேண்டாம், அதுவும் ஒட்டும். ஒட்டியதை இழுக்காதீர்கள். கொப்பியைப் பொலித்தீன் பையில் இறுகக் கட்டி ஃப்ரீசரில் 20 நிமிடம் வைத்து, மடிக்காமல் ஓரத்திலிருந்து மெல்லப் பிரியுங்கள்.