அந்தக் கடைசி நாலு பக்கத்தை எடுத்துவிடாதீர்கள்

எங்கள் சபையின் மாத இதழைப் புதுப்பிக்கப் போகிறார்கள். நிர்வாகக் குழுவில் இருக்கும் ஓர் அண்ணன் போனில் சொன்னார். வண்ண அட்டை, நல்ல தாள், உள்ளே முழுக்க தேவசெய்திகள். எனக்கும் சந்தோஷம்தான். அப்புறம் சொன்னார்: “கடைசி நாலு பக்கத்தை மட்டும் எடுத்திரலாம்னு இருக்கோம் தம்பி. மரண அறிவிப்பு, காணிக்கை லிஸ்ட் எல்லாம் இப்ப வாட்ஸ்அப்லயே வந்துருதுல்லா.”

அண்ணன் நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனாலும் இது பெரிய தப்பு. அதைப் பொதுவில் சொல்லத்தான் இந்தப் பதிவு.

நம்ம பக்கத்தில் கிறிஸ்தவ இதழ் என்றதும் எல்லோருக்கும் நினைவு வருவது நற்போதகம். 1849இல் தொடங்கியது. அதற்குப் பின்னால் ஒரு திருமண்டலமே, அதாவது பல சபைகள் சேர்ந்த பெரிய அமைப்பே நிற்கிறது. சிறிய சபைகளின் நிலைமை வேறு. திருநெல்வேலிச் சீமைக்குச் சிறிய சபைகள் புதிதல்ல. 1835இல் ஜெர்மன் மிஷனரி ரேனியஸ் ஐயர், தன்னை அனுப்பிய சி.எம்.எஸ். என்ற இங்கிலாந்து மிஷனரி சங்கத்தை விட்டுப் பிரிந்து பாளையங்கோட்டையில் தனியாக நின்றார். 1857இல் நாசரேத்துக்குப் பக்கத்தில் அருமைநாயகம் சட்டாம்பிள்ளை, மிஷனரிமாரோடு முரண்பட்டு, சனிக்கிழமையை ஓய்வுநாளாக ஆசரிக்கும் சபையை ஏற்படுத்தினார். அதற்குப் பிறகும் எத்தனையோ கிளைகள். சில சபைகளுக்கு நாலைந்து ஊரில்தான் கோயில் இருக்கும். கல்லூரி கிடையாது, ஆவணக் காப்பகம் கிடையாது, வெளிநாட்டு மிஷனில் கடிதக் கட்டும் கிடையாது. அவர்களைப் பற்றி எழுத்தில் இருப்பது இந்த மாத இதழ்தான்.

அதிலும் முன்பக்கத்துத் தேவசெய்திகளை வேறு எங்கேயும் தேடிக்கொள்ளலாம். யூடியூபைத் திறந்தால் காலையிலிருந்து இரவு வரை கேட்க முடியும். நம்ம ஊர் செய்தி வேறு எங்கே கிடைக்கும்?

அப்பா பைண்டு போட்டு வைத்த தொகுதி ஒன்று என்னிடம் இருக்கிறது. அதில் ஒரு மூதாட்டியின் மரண அறிவிப்பு, சின்ன எழுத்தில் சில வரிகள். இளவயதிலேயே கணவரை இழந்தவர். பனையோலைப் பெட்டி முடைந்து விற்று மூன்று பிள்ளைகளை வளர்த்திருக்கிறார். மூத்த மகன் கொழும்பில் கடை வேலை. அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் கீர்த்தனைகள் முழுக்க மனப்பாடம். பிடியரிசி, அதாவது சமைக்கும்போது ஒரு பிடி எடுத்து வைத்துக் கோயிலுக்குக் கொடுக்கும் அரிசி, கொடுக்க ஒரு வாரமும் தவறியதில்லை. “கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள்” என்று முடிகிறது. கோயிலின் அடக்கப் பதிவேட்டில் இந்த அம்மாவைப் பற்றி இருப்பது பெயர், வயது, தேதி மட்டுமே. கால்டுவெல் ஐயர் 1881இல் எழுதிய திருநெல்வேலி வரலாறு பெரிய உழைப்பு, மறுக்கவே முடியாது. ஆனால் அது பாண்டியர், நாயக்கர், பாளையக்காரர், கம்பெனி என்று போகிற புத்தகம். பெட்டி முடைந்த கை அதில் வராது. எங்கள் இதழில் வந்திருக்கிறது. ஊர்ச் சபையைக் கவனிக்கும் யாரோ ஒரு உபதேசியார் உட்கார்ந்து எழுதி, தபாலில் அனுப்பி, அச்சுக்கோத்து வந்திருக்கிறது.

காணிக்கைப் பட்டியலையும் லேசாக நினைக்க வேண்டாம். கருப்பட்டி ஒரு சிப்பம், கோழி ஒன்று, முட்டை ஆறு என்று ஊர்வாரியாகப் போட்டிருப்பார்கள். சில வருடங்களின் பட்டியலை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் எந்த வருடம் மழை பொய்த்தது, எந்த ஊரில் ஆள்கள் பம்பாய்க்குக் கிளம்பிவிட்டார்கள் என்பதெல்லாம் தானாகத் தெரியும். இன்னொன்று, எனக்கு முக்கியமாகப் படுவது: பழைய இதழ்களின் நிர்வாகப் பக்கத்தில் ஒரு பெண் பெயரைக்கூடப் பார்க்க முடியாது. காணிக்கைப் பட்டியலில்தான் பெண்கள் வருகிறார்கள், ‘இன்னாரின் மனைவி’ என்று இல்லாமல் சொந்தப் பெயரிலேயே. அந்தப் பக்கத்தை எடுத்தால் யார் மறைவார்கள் என்று குழு யோசிக்க வேண்டும்.

வாட்ஸ்அப்பில் வருவது உண்மைதான். வந்த செய்தி மறுவாரம் எங்கே இருக்கிறது? போன் மாற்றினால் போச்சு. குரூப் அட்மின் வெளியேறினால் போச்சு. பிடிஎஃப் போடுவதற்கு நான் எதிரி இல்லை, தாராளமாகப் போடட்டும். ஆனால் அச்சில் ஒரு பிரதி இருக்க வேண்டும், அதில் ஊர்ச் செய்தியும் இருக்க வேண்டும். செலவு என்றால் வண்ண அட்டையை விட்டுவிடலாம்.

பழைய தொகுதிகளின் நிலைமை இதைவிட மோசம். 2023 டிசம்பர் வெள்ளத்தில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது நினைவிருக்கும். ஏரல், ஸ்ரீவைகுண்டம் பக்கம் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்ததில் அரிசி, துணிமணியோடு பழைய காகிதமும் போயிற்று. எங்கள் சொந்தக்காரர் வீட்டில் பரணில் இருந்தது தப்பியது, கீழ் அலமாரியில் இருந்த தொகுதிகள் தப்பவில்லை. மட்டமான தாள், நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிட்டது. காய வைத்துப் பிரிக்கப் பார்த்தோம், எழுத்தோடு பிய்ந்து வந்தது. வெள்ளம் வராத வீட்டில் கரையான் வருகிறது, இல்லாவிட்டால் வீடு மாறும்போது எடைக்குப் போகிறது.

சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் பழைய தமிழ் இதழ்களைப் பாதுகாக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகம் மின்னூலகம் நடத்துகிறது. நம்ம சபையிலிருந்து யாராவது போய்க் கேட்டிருக்கிறோமா?

பொதுக்குழுவில் இதைக் கேட்கப் போகிறேன். கடைசி நாலு பக்கம் இருக்கட்டும். ஊர்வாரியாக ஒரு வாலிபரை வைத்து வீட்டிலுள்ள பழைய இதழ்களைக் கணக்கெடுத்து, முதலில் போட்டோவாவது எடுத்து வைப்போம். நாசரேத், சாயர்புரம், மெஞ்ஞானபுரம், டோனாவூர் பக்கம் யார் வீட்டிலாவது இருந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள். மும்பையில் இருக்கும் நம்ம ஆள்களும் பெட்டியைத் திறந்து பாருங்கள், அங்கேயும் இதழ் தபாலில் போய்க்கொண்டுதான் இருந்தது. அட்டை இல்லாவிட்டாலும் சரி, நடுவில் சில மாதங்கள் விட்டுப்போயிருந்தாலும் சரி. கடைசிப் பக்கங்களை மட்டும் கிழிக்காமல் அப்படியே கொடுங்கள்.