போர்டுக்குப் போட்ட சாக்கு

பிரெஞ்சு மண்ணான நம் ரெயூனியன் தீவின் அந்த 70 போர்டு விஷயம். என்ன ஏது என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை, ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நம் ஆட்களின் இணையப் பக்கத்தில் எல்லாம் அந்தப் போட்டோதான். கரும்புக்காட்டு ரோட்டில் வேக வரம்பை 80 கிலோமீட்டரிலிருந்து 70 ஆக்கி நட்ட புதுப் போர்டுக்கு யாரோ அரிசிச் சாக்கை மாட்டிக் கயிற்றால் இறுக்கிக் கட்டிவிட்டார்கள். "வேகத்தைக் குறைத்தால் விபத்து குறையாது, வசூல்தான் கூடும்" என்று மேலே ஒரு வரி. கீழே வரிசையாகச் சிரிப்பு முகங்கள். நான் அங்கே எழுதியது ஒரே ஒரு சொல்: "குறையும்." அதற்குக் கிடைத்த மரியாதையைத்தான் எல்லாரும் பார்த்தீர்களே.

"அக்கா வெள்ளைக்காரி ஆயிட்டாங்க." "லேடீஸ் ஓட்டுறதுக்கு 70 கூட ஜாஸ்திதான்." புதுச்சேரி சொல்தா (பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரர்) மாமா ஒருவர், இருபது வருஷம் மிலிட்டரி வண்டி ஓட்டியவருக்குப் போர்டு எதற்கு என்று கேட்டிருந்தார். சரி மாமா. போர்டு உங்களுக்கு இல்லை, எங்களைப் போன்ற பாவப்பட்டவர்களுக்கு.

கமெண்டில் பதில் சொன்னால் இன்னும் சிரிப்பீர்கள் என்பதால் இங்கே எழுதுகிறேன். நீளும். பொறுமை இல்லாதவர்கள் 90-இல் தாண்டிப் போகலாம்.

முதலில் ஒன்று. அந்த ரோட்டில் வேகம் குறைந்தால் நஷ்டப்படும் ஆள் நான்தான். வீடு வீடாகப் போகும் நர்ஸ். காலை ஐந்தேகாலுக்கு வண்டியை எடுத்தால், பசியாறுவதற்கு முன் இன்சுலின் போட வேண்டியவர்களே ஏழு பேர். சேன் ஆந்த்ரேயில் ஆரம்பித்து, சேன் பெனுவா பக்கம் மேட்டுக்கு ஏறி, திரும்பி வரும்போது நாளொன்றுக்கு நூற்றிருபது கிலோமீட்டர் ஓடியிருக்கும். உங்களில் பாதிப் பேர் அந்த ரோட்டில் மாதத்துக்கு இரண்டு தரம் போவீர்கள், கோயிலுக்கு. நான் தினம் நான்கு தரம். நேரம் போகிறதே என்று புலம்ப யாருக்காவது உரிமை இருந்தால் அது எனக்கு. நான் புலம்பவில்லை. ஏனென்றால் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

2018 ஜூலை 1 முதல், நடுவில் தடுப்பு இல்லாத இருவழிச் சாலைகளில் 90-ஐ 80 ஆக்கியது பிரான்சு. அன்றைக்கும் இதே சிரிப்பு, இதே "வசூல்". 2020-இல் செரெமா என்ற அரசு ஆய்வு நிறுவனம் கணக்கை வெளியிட்டது. கார்களின் சராசரி வேகம் குறைந்தது வெறும் 3.3 கிலோமீட்டர். பத்து இல்லை, மூன்று சொச்சம். அதாவது முக்கால்வாசிப் பேர் நம்மைப் போலத்தான், போர்டைப் பார்த்துவிட்டுக் கொஞ்சமாகக் காலைத் தளர்த்தியவர்கள். அந்தக் கொஞ்சத்துக்கே இருபது மாதத்தில் 349 பேர் சாகாமல் இருந்தார்கள், முந்தைய ஐந்து வருஷத்தோடு ஒப்பிட்டுப் பார்த்ததில். இழந்த நேரம்? கிலோமீட்டருக்குச் சராசரியாக ஒரு நொடி. என் நூற்றிருபது கிலோமீட்டருக்கு இரண்டு நிமிஷம். ஒரு பாட்டி வீட்டில் காப்பி வேண்டாம் என்று சொல்லிப் புரியவைக்கவே அதைவிட அதிக நேரம் ஆகிறது.

குறைகிறது. திரும்பச் சொல்கிறேன், குறைகிறது. சராசரி வேகம் நூற்றுக்கு ஒன்று இறங்கினால் சாவு நூற்றுக்கு நான்கு இறங்கும் என்பது ஸ்வீடன் ஆய்வாளர் நில்சன் காலத்திலிருந்து எத்தனையோ நாட்டில் பார்த்த கணக்கு. 80-இல் வரும் கார், 90-இல் வருவதைவிடச் சுமார் பதின்மூன்று மீட்டர் முன்னாலேயே நின்றுவிடும். பதின்மூன்று மீட்டர் என்றால் மூன்று காரை வரிசையாக நிறுத்தலாம்.

அந்த மீட்டர் எனக்குப் புத்தகத்தில் மட்டும் தெரிந்ததில்லை. போன வருஷம் ஆகஸ்டு, கரும்பு வெட்டு நடக்கும் நேரம், ஐந்தேமுக்கால் மணி, இன்னும் விடியவில்லை. தூறல். புவா ரூழ் சர்க்கரை ஆலைக்குப் போகும் கரும்பு லாரி ஒன்று எனக்கு முன்னால் ஊர்ந்துகொண்டிருந்தது, பின்னாலிருந்து கரும்புச் சோகை ரோடெங்கும் உதிர. எனக்கு ஆத்திரம். முதல் வீட்டுக்கு ஏற்கெனவே பத்து நிமிஷம் தாமதம். லாரி வலது பக்கம் திரும்பியதும் மிதித்தேன். மிதித்த இரண்டாவது மூச்சில் முன்னால் ஒரு புல்லுக்கட்டு. புல்லுக்கட்டுக்குக் கீழே சைக்கிள், அதைத் தள்ளிக்கொண்டு ஒரு கிழவர். பிரேக்கை அழுத்தியதில் பக்கத்து சீட்டிலிருந்த இன்சுலின் பெட்டி டேஷ்போர்டில் மோதி மருந்துக் குப்பியெல்லாம் என் காலடியில். வண்டி நின்றபோது பம்பருக்கும் அவர் பின்சக்கரத்துக்கும் நடுவில் ஒரு ஆள் படுக்கும் இடம்தான். அவர் திட்டக்கூட இல்லை. கையை மெதுவாக மேலும் கீழும் ஆட்டி, "டூஸ்மான், மதாம், டூஸ்மான்" என்றார். மெதுவாம்மா, மெதுவா. புல்லைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார்.

அவர் பிழைத்தது நான் நல்லவள் என்பதால் இல்லை. லாரி அரை நிமிஷம் முன்னாலேயே திரும்பியிருந்தால் நான் 90-ஐத் தொட்டிருப்பேன், எனக்கு என்னைத் தெரியும். அன்றைக்கு அந்த லாரிதான் எனக்கு வேக அளவு. தினமும் எனக்கு முன்னால் லாரி போகாது இல்லையா, அதற்குத்தான் போர்டு கேட்கிறேன். இதைச் சொன்னால் "அப்போ நீங்க சரியா ஓட்டலை" என்பீர்கள். ஆமாம், சரியாக ஓட்டவில்லை. நீங்கள் தினமும் சரியாக ஓட்டுகிறீர்களா?

வசூலுக்கு வருவோம். 70 போர்டு இருக்கும் இடத்தில் ரோட்டோர ரடார் பெட்டி அளந்த வேகத்திலிருந்து 5 கிலோமீட்டரைக் கழித்துவிட்டுத்தான் எழுதுவார்கள். எனக்கும் அபராதச் சீட்டு வந்திருக்கிறது, மறைக்கவில்லை. 2022-இல் ரூட் தே தமரேன் நெடுஞ்சாலையில், ஒரு கல்யாணத்துக்குப் போகும்போது, 110-க்கு 113 என்று. 45 யூரோ, லைசென்ஸில் ஒரு பாயிண்ட் போனது. ஆறு மாதத்தில் பாயிண்ட் திரும்பி வந்தது, 45 யூரோ வரவில்லை. எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் நாம் பேசும் கரும்புக்காட்டு ரோட்டில் ரடாரே இல்லையே! ஒரு பெட்டி கூட இல்லை. எதை வைத்து வசூல் செய்வார்கள், உண்டியலா?

"ஜெர்மனியில் லிமிட்டே கிடையாது" என்று எழுதிய தம்பிக்கு: அது அவர்களின் ஆட்டோபான் என்ற நெடுஞ்சாலையில், அதுவும் சில பகுதிகளில் மட்டும். அவர்களின் கிராமச் சாலையில் 100 என்று அளவு உண்டு. அங்கே அதிகம் பேர் சாவது ஆட்டோபானில் இல்லை, அந்தக் கிராமச் சாலைகளில்தான். அடுத்த முறை வேறு நாடு கொண்டு வரவும். அயர்லாந்து கொண்டு வராதீர்கள், அவர்கள் 2025 பிப்ரவரியில் கிராமத்துச் சின்ன ரோடுகளில் 80-இலிருந்து 60-க்கு இறக்கிவிட்டார்கள்.

இன்னொருவர் டென்மார்க்கைக் கொண்டு வந்தார். சில ரோடுகளில் 80-ஐ 90 ஆக்கிப் பார்த்ததில் விபத்து கூடவில்லையாம். உண்மைதான். பார்த்துத் தேர்ந்தெடுத்த, திருத்திய ரோடுகள் அவை, நம்முடையதில் ஓரமே கிடையாது. இதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை, அடுத்ததுக்குப் போவோம்.

"குடிதான் காரணம், வேகம் இல்லை." இதை எழுதியவர் யார் என்று பார்த்தேன், சிரித்தேன். சனிக்கிழமை ராத்திரி ரம்மை ஊற்றிக்கொண்டு யார் யார் சாவியைத் தேடுகிறார்கள் என்று இந்தத் தீவில் எல்லாருக்கும் தெரியும். குடித்தவன் எதிரில் வருகிறான், சரி. நீங்கள் குடிக்கவில்லை, சரி. அவன் உங்கள் பக்கம் வந்துவிட்டால் நீங்கள் 80-இல் இருக்கிறீர்களா 70-இல் இருக்கிறீர்களா என்பதில்தான் உங்கள் பிள்ளைக்கு அப்பா இருப்பதும் இல்லாததும். அந்தப் பத்தில் உங்கள் வண்டியின் மோதல் ஆற்றல் ஏறத்தாழ கால்வாசி இறங்குகிறது. நான் கட்டுப் பிரிக்கும் கால்களில் எது எந்த வேகத்தில் உடைந்தது என்று எனக்குத் தெரியாது. கட்டுப் பிரிக்கும்போது அவர்கள் எப்படிப் பல்லைக் கடிப்பார்கள் என்று தெரியும்.

அப்புறம் அந்த "வெள்ளைக்காரி". 2018 நவம்பரில் மஞ்சள் சட்டைப் போராட்டம் தீவையே நிறுத்தியது. பங்கில் பெட்ரோல் இல்லை, பாதிக்கு மேற்பட்ட கம்யூன்களில் (ஊராட்சிகளில்) ஊரடங்கு. விலைவாசியைக் கேட்டு நின்றவர்களோடு நானும் மனதால் நின்றவள்தான். கண்ணாடியில் ஒட்டிய, நர்ஸ் வண்டி என்று காட்டும் பாம்புப் படத்தைப் பார்த்ததும் டயரை நகர்த்தி எனக்கு வழி விட்டார்கள், "போங்க அக்கா, ஊசி போட்டுட்டு வாங்க" என்று. அதில் இரண்டு பேர் இப்போது அந்தப் போட்டோவுக்குக் கீழே சிரித்திருக்கிறார்கள். அன்றைக்கு அக்கா, இன்றைக்கு வெள்ளைக்காரி.

அந்த ரோட்டில் நான்கு கிலோமீட்டருக்குள் சேன் எக்ஸ்பெடிக்குச் சிவப்புக் குடில் மூன்று. அவசரத்துக்கு உதவும் சாமி என்று மலபார் ஜனமும் (இங்கே பரம்பரையாக இருக்கும் நம் தமிழ் வம்சத்தார்) விளக்கு வைக்கிறது, நானும் ஒரு தரம் வைத்தேன். மூன்றாவது குடிலுக்குச் சற்றுத் தள்ளி ஒரு கம்பத்தில் பிளாஸ்டிக் பூ கட்டியிருக்கும். வெயிலில் வெளுத்தால், அங்கே போய்விட்ட பையனின் அம்மா வந்து மாற்றுவார். அந்த வீட்டுக்கும் நான்தான் போகிறேன், சர்க்கரைக்கு. போர்டைப் பற்றி அந்த அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சிரித்திருக்கலாம்.

உண்மையில் கோபம் சொல்தா மாமா மேல் இல்லை. ஜெர்மனித் தம்பி மேலும் இல்லை. அந்தச் சிரிப்பு முகங்களில் ஒன்று என் கொழுந்தனுடையது. வாரா வாரம் என் கையால் சாப்பிடுகிறவர். அவர் மகன் போன மாதம்தான் லைசென்ஸ் வாங்கினான். காருக்குப் பின்னால், புதிதாக ஓட்டுகிறவன் என்று காட்டும் சிவப்பு 'ஏ' ஒட்டிக்கொண்டு அதே ரோட்டில்தான் தினமும் போகிறான். போன வாரம் என்னைத் தாண்டிப் போனான், கை ஆட்டிக்கொண்டே, வளைவில். கொழுந்தனாரே, அவனுக்கும் சேர்த்துத்தான் அந்தச் சாக்கைக் கட்டினீர்கள்.

ஆமாம், தெரியும். அது எந்தக் கடை அரிசிச் சாக்கு என்பது தெரியும், அந்த நீலக் கயிறு பொங்கலுக்கு என் வீட்டில் கரும்பு கட்ட எடுத்த கயிற்றின் மிச்சம் என்பதும் தெரியும். சண்டை போட வரவில்லை. நாளைக் காலை ஐந்தரைக்கு அந்த வழியாகத்தான் போகிறேன். கட்டுப் பிரிக்கும் கத்தரி பையில் இருக்கிறது.